சம்பளத்தில் கைவைக்கும் முன்: சென்னையின் புதிய ஆசிரியர்களுக்கு வகுப்பறை நிதி வழிகாட்டி

சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, லிட்மஸ் தாள், பரிசு கொடுக்க நாலு பேனா என்று மாதாமாதம் சொந்தச் சம்பளத்திலிருந்து எடுத்துச் செலவழிக்காத ஆசிரியரை நான் பார்த்ததில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள். எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. நான் வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியர். ஓர் ஆய்வகத்துக்கும் ஒரு வகுப்பறை நூலகத்துக்கும் பணம் தேடி அலைந்ததில் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் தனி ஆசிரியரின் கையில் யாரும் நிதி தருவதில்லை. பணம் பள்ளிக்கு வரும். பள்ளியின் கணக்கு வழியாக, ஒரு தீர்மானத்தின் பேரில் வரும். பணம் கேட்பதைவிட, அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் பள்ளியை வைத்திருப்பதுதான் பெரிய வேலை. கீழே உள்ள படிகளில் பாதி அதைப் பற்றியவை.

1. உங்கள் பள்ளி யாருடையது?

சென்னையில் ஒரே தெருவில் மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மூன்றும் ஒன்றுதான். நிதி விஷயத்தில் மூன்றும் வேறு வேறு.

மாநகராட்சிப் பள்ளி என்றால் கட்டடம் மாநகராட்சியுடையது. சுவரில் புதிய மின்இணைப்பு கொடுக்கவும், அறையைத் தடுக்கவும், வெளியார் பொருள் நன்கொடை தரவும் மண்டல உதவிக் கல்வி அலுவலர் வழியாக ரிப்பன் மாளிகையின் கல்வித் துறைக்குக் கடிதம் போக வேண்டியிருக்கும். அரசுப் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலரும் முதன்மைக் கல்வி அலுவலரும். உதவிபெறும் பள்ளியில் செயலர் கையெழுத்துதான் முதல் கையெழுத்து.

உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் மனம் தளர வேண்டாம். அரசின் பள்ளி மானியம் உங்களுக்குக் கிடையாது. ஆனால் உங்கள் நிர்வாக அறக்கட்டளை வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளை வைத்திருக்கக்கூடும். முதலாவது அறக்கட்டளைக்கு வரிவிலக்கு, இரண்டாவது நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை. அப்படி இருந்தால் நிறுவனங்களிடம் கேட்பது உங்களுக்கு எங்களைவிட எளிது. செயலரிடம் முதலில் இந்த இரண்டையும் கேளுங்கள்.

2. ஒரு தேவை, ஒரு பக்கம்

"பள்ளி வளர்ச்சிக்கு உதவுங்கள்" என்று எழுதிய கடிதத்துக்குப் பதில் வராது. படிப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ஒரு பொருளை, ஒரு வகுப்பை, ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்லைப் பற்றிய பாடத்துக்கு நுண்ணோக்கி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதும் முறை இது: "வகுப்பில் 40 மாணவர்கள். பாடவேளை 40 நிமிடம். இருப்பது ஒரு நுண்ணோக்கி. ஒவ்வொரு மாணவருக்கும் கிடைப்பது ஒரு நிமிடம். வெங்காயத் தோலைக் கண்ணாடித் தகட்டில் சரியாக வைத்துக் குவியப்படுத்தவே அது போதாது. இன்னும் நான்கு நுண்ணோக்கிகள் வந்தால் எட்டுப் பேருக்கு ஒன்று. ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும்." அவ்வளவுதான். இதற்குக் கீழே விலையும், எங்கே வைப்போம், யார் பொறுப்பு என்ற இரண்டு வரியும் போதும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டு பிரதிகள் தயாரியுங்கள். தனியார் நிறுவனங்களில் ஆங்கிலப் பிரதியைத்தான் கேட்பார்கள்.

விலைக்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்குங்கள். ஆய்வகப் பொருள்களுக்குப் பாரிமுனை, பிராட்வே பக்கம். மின்னணுப் பொருள்களுக்கு ரிச்சி தெரு. விலைப்புள்ளி தலைமையாசிரியர் பெயருக்கு இருக்க வேண்டும், உங்கள் பெயருக்கு வேண்டாம். கடையின் ஜி.எஸ்.டி. எண், முத்திரை, தேதி, அந்த விலை எதுவரை செல்லும் என்ற குறிப்பு ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று கடையிலேயே நின்று பாருங்கள். விலை வரியுடனா, வரி தனியா என்று எழுதி வாங்குங்கள். வரி தனி என்றால், கேட்ட தொகைக்கும் கடைசி பில்லுக்கும் நடுவில் விழும் பள்ளத்தை நிரப்பப் போவது உங்கள் சம்பளம்தான். அச்சிட்ட புத்தகங்களுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பர் ஆகியவற்றுக்கும் இல்லை. இவற்றுக்கு வரி போட்ட பில் வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

சேர்ப்புச் செலவுகளை மறக்கக் கூடாது. புரொஜெக்டர் கேட்கும்போது திரை, நீளமான வயர், மின்இணைப்பு வேலை, மேலே மாட்டும் சட்டம், பூட்டும் கூண்டு எல்லாவற்றையும் அதே மதிப்பீட்டில் சேருங்கள். பொருளைக் கொடுத்தவரிடமே மறுபடி போய் வயருக்குப் பணம் கேட்பது யாருக்கும் நல்லதாக இராது. பெட்டியைப் பிரிக்காமலே கிடக்கும் புரொஜெக்டர்களை நான் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் இதுதான்.

3. பள்ளிக்குள்ளேயே இருக்கும் பணம்

வெளியே போகுமுன் உள்ளே பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பள்ளி மானியம் உண்டு. திட்டத்தின் வரையறைப்படி மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற உச்சத்தொகை இது:

30 பேர் வரை: 10,000 ரூபாய்
31 முதல் 100 வரை: 25,000
101 முதல் 250 வரை: 50,000
251 முதல் 1,000 வரை: 75,000
1,000க்கு மேல்: 1,00,000

இதில் குறைந்தது பத்து விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். மீதியில் சுண்ணாம்பு, மின்கட்டணம், பழுதுபார்ப்பு, கற்பித்தல் பொருள்கள் எல்லாம் அடங்கும். விளையாட்டுக்குத் தனியாகத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை உண்டு. நூலகத்துக்கும் தனித் தொகை உண்டு. நூலக, விளையாட்டு நிதி சில ஆண்டுகளில் பணமாக வராமல் பொருளாகவே வரலாம். கணக்கில் பணம் ஏறும் என்று எதிர்பார்த்துக் கடையில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த மானியத்தில் உங்கள் வகுப்புக்கு ஒரு பங்கு வேண்டுமானால், செலவுத் திட்டம் போடும் கூட்டத்துக்கு முன்பே உங்கள் ஒரு பக்கக் கடிதம் தலைமையாசிரியர் மேசையில் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய இயலாது.

பணம் எப்போது வரும் என்பதை நம்பித் திட்டமிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 2024-25இல் இத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நிதியை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை. அதன் சுமை கடைசியில் வந்து விழுந்தது பள்ளிகளின் மேல். இன்னொன்று: இப்போது மானியம் பள்ளிக் கணக்கில் சேமிப்பாகக் கிடப்பதில்லை. இணையவழி நிதி மேலாண்மையில் ஒரு செலவு வரம்பாகத்தான் தெரியும். மார்ச் 31க்குள் செலவழிக்காத வரம்பு போய்விடும். பிப்ரவரிக்குள் பொருள் வந்து, பில் வந்து, கட்டணமும் போய்விட்டால் நிம்மதி. மார்ச் கடைசி வாரத்தில் எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் அந்த இணையதளத்தைத் திறந்திருக்கும்.

4. கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு கோப்பு போடுங்கள். யார் கேட்டாலும் அன்றே கொடுக்கும்படி கீழுள்ளவை அதில் இருக்கட்டும். ஸ்கேன் செய்த பிரதி கைப்பேசியிலும் இருக்கட்டும்.

- பள்ளியின் யு-டைஸ் எண், அதாவது நாடு முழுவதும் ஒவ்வொரு பள்ளிக்கும் தரப்படும் அடையாள எண். 11 இலக்கம், தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும். பள்ளியின் பெயரைவிட இந்த எண்தான் எங்கும் முக்கியம்.
- எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரப் பதிவு) பதிவின்படி வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, தலைமையாசிரியர் கையெழுத்துடன்.
- பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் பட்டியல், நடப்பாண்டுப் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்.
- குழுவின் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ரத்து செய்த காசோலை ஒன்று.
- தேவைக் கடிதம், மூன்று விலைப்புள்ளிகள், குழுத் தீர்மானத்தின் நகல்.
- பொருள் வைக்கப்போகும் அறையின் புகைப்படங்கள், மாணவர்கள் இல்லாமல்.

எமிஸில் உள்ள எண்ணிக்கையும் உங்கள் கடிதத்தில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு எண், நினைவிலிருந்து ஒரு எண் என்று எழுதினால், சரிபார்ப்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார். இந்தக் கோப்புக்கு ஆகும் செலவு நகல் எடுக்கும் கூலியும் ஸ்கேன் கூலியும்தான். விண்ணப்பத்துக்குக் கட்டணம் என்றோ, நிதி வாங்கித் தருகிறேன், இத்தனை விழுக்காடு கொடுங்கள் என்றோ வருபவரிடம் ஒரு காகிதம்கூடக் கொடுக்காதீர்கள்.

5. கணக்கும் தீர்மானமும்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். பொறுமையாகப் படியுங்கள்.

நன்கொடையை உங்கள் சொந்தக் கணக்கிலோ கைப்பேசிப் பணப் பரிமாற்றச் செயலியிலோ ஒரு நாளும் வாங்காதீர்கள். "டீச்சர், உங்கள் எண்ணுக்கே போட்டுவிடுகிறேன்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, முன் அனுமதி இல்லாமல் நிதி திரட்டுவதைத் தடுக்கின்றன. மாநகராட்சி, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களையும் அவரவர் பணி விதிகள் கட்டுப்படுத்தும். பணத்தை முழுக்கப் பிள்ளைகளுக்கே செலவழித்திருந்தாலும், விசாரணை என்று வந்தால் உங்கள் வங்கிக் கணக்கைத்தான் விரித்து வைத்துக் கேட்பார்கள். உங்கள் பெயரில் இணையவழி நிதி திரட்டும் பக்கம் தொடங்குவதும் இதே வகைதான்.

சரியான வழி பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2024இல் மாற்றியமைத்த குழுக்களில் 24 பேர் இருக்கிறார்கள். தலைவர் ஒரு பெற்றோர். கணக்கை அவரும் தலைமையாசிரியரும் சேர்ந்து இயக்குவார்கள்.

இங்கே ஒரு மனுஷிக்கு என்ன நேர்கிறது என்று சொல்கிறேன். எங்கள் குழுத் தலைவர் வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா. வங்கிக்கு வர வேண்டுமென்றால் இரண்டு வீட்டு வேலையை விட்டு வர வேண்டும். கணக்குத் தொடங்கியபோது நடுங்கும் கையோடு "செல்வி" என்று தமிழில் போட்ட கையெழுத்து, காசோலையில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. கவுன்ட்டரில் இருந்தவர் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார். அந்த அம்மாவுக்கு அன்றைய கூலி போனது. அவர் அடுத்த முறை வரவே தயங்கினார். ஆகவே வங்கிக்குப் போகும் நாளைத் தலைவரின் வசதியைக் கேட்டு வையுங்கள். ஆதார், இரண்டு புகைப்படம், குழுவின் முத்திரை, தீர்மானப் புத்தகம் எல்லாம் முதல் முறையே கையில் இருக்கட்டும். மாதிரிக் கையெழுத்து போடுமுன் வெற்றுத் தாளில் நாலைந்து முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழு மாறியதும் பழைய தலைவரின் பெயரை நீக்கிப் புதியவரைச் சேர்க்கும் வேலையை அந்த மாதமே முடித்துவிட வேண்டும். நன்கொடை வந்து வாசலில் நிற்கும்போது இதைத் தொடங்கினால் வாரக்கணக்கில் இழுக்கும்.

தீர்மானம் நீளமாக இருக்கத் தேவையில்லை. "ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்கு நான்கு நுண்ணோக்கிகள் தேவை என்றும், அவற்றை நன்கொடையாகவோ நிதியாகவோ பெறத் தலைமையாசிரியருக்கு அனுமதி அளிப்பதென்றும், பொருள்களுக்கு அறிவியல் ஆசிரியர் பொறுப்பு என்றும் இக்கூட்டம் தீர்மானிக்கிறது." கீழே தேதி, வந்தவர்கள் அனைவரின் கையெழுத்து. கூட்டம் மாதம் ஒருமுறைதான் நடக்கும் என்பதால், இந்த மாதம் தவறினால் ஒரு மாதம் போய்விடும். கூட்டத்தில் பெற்றோருக்கு அந்தப் பொருளை விளக்குங்கள், முடிந்தால் காட்டுங்கள். பழைய நுண்ணோக்கியில் ஒரு வெங்காயத் தோலை அவர்களையே பார்க்கவைத்தேன். அதன் பிறகு கையெழுத்துக்காக நான் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

6. நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி

2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் இது. தனியாரும் நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் இணையதளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து நிதி தரலாம். யாராவது பணமாகத் தர விரும்பினால், எனக்குத் தெரிந்து தலைவலி குறைந்த வழி இதுதான்; ரசீதும் கணக்கும் அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் பள்ளியின் பெயர் அங்கே இருப்பதாலேயே பணம் வந்துவிடாது. உங்கள் தேவை பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஏறியிருக்க வேண்டும். பிறகு நீங்களே நன்கொடையாளரைத் தேடிப் பிடித்து, யு-டைஸ் எண்ணைக் கொடுத்து, அந்தப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். நம் பகுதியில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பள்ளிகள் உண்டு. எண்ணைக் கொடுக்காமல் பெயரை மட்டும் சொன்னால் பணம் பக்கத்துத் தெருப் பள்ளிக்குப் போய்ச் சேரலாம்.

7. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே பள்ளியிலிருந்து பார்த்தால் தெரியும் ஆலையிடம் முதலில் கேளுங்கள். மணலி, எண்ணூர், திருவொற்றியூர், அம்பத்தூர், கிண்டி, பழைய மகாபலிபுரம் சாலை ஆகிய பகுதிகளில் பணிபுரிபவர்களுக்கு இது பெரிய பலம்.

அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்கிப் பாருங்கள். சமூகப் பொறுப்புச் செலவு தனி இணைப்பாக இருக்கும். கல்விக்குச் செலவிட்டிருக்கிறார்களா, எந்த மாவட்டத்தில், நேரடியாகவா, தொண்டு நிறுவனம் வழியாகவா என்று தெரிந்துவிடும். கண் மருத்துவத்துக்கு மட்டுமே செலவிடும் நிறுவனத்துக்கு நுண்ணோக்கிக் கடிதம் அனுப்பி என்ன பயன்?

அடுத்தது முக்கியம். நிறுவனம் தன் நிதியை வேறொரு அமைப்பின் வழியே செலவழிப்பதானால், அந்த அமைப்பு 12ஏ, 80ஜி பதிவுகளோடு, நிறுவன விவகார அமைச்சகத்திடம் சி.எஸ்.ஆர்.-1 படிவத்திலும் பதிவு செய்திருக்க வேண்டும். அரசே நிறுவிய அமைப்புகளுக்கு 12ஏ, 80ஜி நிபந்தனை இல்லை. உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் அந்தப் பதிவு இராது. அதனால் பணமாகக் கேட்டால் "விதி இடம் தராது" என்று பதில் வரும். பொருளாகக் கேளுங்கள். நிறுவனமே வாங்கிப் பள்ளியில் இறக்கிவிடலாம். அல்லது அவர்கள் ஏற்கெனவே சேர்ந்து பணியாற்றும் தொண்டு நிறுவனத்தைக் கேட்டறிந்து, உங்கள் பள்ளியையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வேலை நடப்பது இந்த இரண்டாவது வழியில்தான்.

ஆண்டு விழா, விளையாட்டு விழா போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளுக்கு இந்த நிதியைக் கேட்காதீர்கள். அவை சமூகப் பொறுப்புச் செலவாகக் கொள்ளப்படுவதில்லை.

காலம்: நிறுவனங்களின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பெரிய கோரிக்கையை ஏப்ரல், மே, ஜூனில் கொடுத்துவிடுங்கள். நமக்குக் கோடை விடுமுறை என்பதால் நாம் தவறவிடும் மாதங்கள் இவைதான். கடிதத்தை ஏப்ரல் கடைசி வேலை நாளுக்குள் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பொருள்களுக்கு ஜனவரி, பிப்ரவரியிலும் ஒருமுறை நினைவூட்டலாம். ஆண்டு முடிவதற்குள் மீதியைச் செலவழிக்க இடம் தேடுபவர்கள் இருப்பார்கள். விலைப்புள்ளி, தீர்மானம் எல்லாம் தயாராக உள்ள பள்ளியைத்தான் அப்போது அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

8. ரோட்டரி, லயன்ஸ், முன்னாள் மாணவர்கள்

ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. தலைவரும் ஆண்டுதோறும் மாறுவார். பதவியேற்கப் போகிறவரை மே, ஜூனில் சந்தியுங்கள். தன் ஆண்டில் என்ன செய்யலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஏப்ரலில் போனால், பழைய தலைவர் கையில் பணம் இருக்காது, புதியவரிடம் அதிகாரம் இருக்காது. பெஞ்சு, மேசை, குடிநீர்ச் சுத்திகரிப்பான், நூலக அலமாரி போன்றவற்றுக்கு இவர்கள் நல்ல துணை. வாரக் கூட்டத்தில் பேச அழைத்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் கடிதத்தை வந்தவர்கள் எண்ணிக்கைக்கு நகல் எடுத்துச் செல்லுங்கள்.

முன்னாள் மாணவர்களிடம் கேட்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, வரிச் சலுகை உண்டு என்று நீங்களாக வாக்களிக்காதீர்கள். 80ஜி சலுகை பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும், பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது.

இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும் மாணவர். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அவர் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், ரூபாயிலேயே கொடுத்தாலும் ஆகும். அதை வாங்க, 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்து, புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கு வைத்திருக்க வேண்டும். உங்கள் குழுவிடம் அது இருக்காது. ஆகவே பணம் வருமுன், குடியுரிமை எது என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

9. கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர்

இவை ஆசிரியரின் சக்திக்கு மீறிய தொகைகள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினரின் நிதி 5 கோடி. மாமன்ற உறுப்பினருக்கும் வார்டு மேம்பாட்டு நிதி உண்டு. உறுப்பினர் பரிந்துரைப்பார், பணியை அனுமதித்துச் செய்வது அலுவலர்கள். நிலைத்து நிற்கும் சொத்துகளுக்கு மட்டுமே இந்த நிதி. சார்ட்டுக்கும் நோட்டுக்கும் அல்ல. மனுவைத் தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் சேர்ந்து கொடுக்கட்டும். பெற்றோர் நேரில் வந்து கேட்பதற்கு இருக்கும் எடை நம் கடிதத்துக்கு இல்லை. தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் புதிய பணி எதற்கும் அனுமதி கிடைக்காது. தேர்தல் ஆண்டில் மனுவைப் பல மாதம் முன்னதாகவே கொடுங்கள்.

10. மாணவர் பெயரில் வருவது

ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில், தேர்வாகும் ஒவ்வொரு மாணவரின் யோசனைக்கும் மாதிரி செய்ய 10,000 ரூபாய் கிடைக்கும். அண்மை ஆண்டுகளில் பதிவு செப்டம்பர் நடுவோடு முடிந்திருக்கிறது. பள்ளியை இணையதளத்தில் பதிவு செய்வதும் யோசனையைப் பதிவேற்றுவதும் நம் வேலை. பணம் மாணவரின் கணக்குக்கு நேராகப் போகும். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயரின் எழுத்துகள் ஒரே மாதிரி இல்லையென்றால், யோசனை தேர்வானாலும் பணம் நின்றுவிடும். முதலெழுத்தை முன்னே போட்டிருப்பதும் பின்னே போட்டிருப்பதும்கூடச் சிக்கல்தான். ஜூன் மாதமே ஆர்வமுள்ள பிள்ளைகளின் கணக்குகளைச் சரிபார்த்து வையுங்கள். அது அந்தப் பிள்ளையின் பணம் என்பதைப் பெற்றோருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதிலிருந்து வகுப்புக்கு எதுவும் வாங்கக் கூடாது.

11. பொருள் வந்த நாள் முதல்

பொருள் இறங்கியதும் பெட்டியைப் பிரித்து, இயக்கிப் பார்த்து, பிறகு கையெழுத்திடுங்கள். அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பொருளின் பெயர், தயாரிப்பு எண், பில் எண், நன்கொடையாளர், விலை, தேதி எல்லாம் வேண்டும். நான் ஒவ்வொரு நுண்ணோக்கியின் அடிப்பாகத்திலும் வெள்ளைப் பெயின்ட்டால் பதிவேட்டின் பக்க எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதிவைக்கிறேன். "14/3" என்று இருந்தால் பதினான்காம் பக்கம், மூன்றாம் வரி. தணிக்கைக்கு வந்தவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மழைக்காலத்தைக் கணக்கில் வையுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தரைத்தள அறைகளில் ஈரம் ஏறும். பல மாநகராட்சிப் பள்ளிகள் நிவாரண மையங்களாகவும் மாறும். புத்தகமும் மின்னணுப் பொருளும் அந்த மாதங்களில் வருவதாக இருந்தால், மாடியில் பூட்டக்கூடிய அறை கிடைக்குமா என்று முன்பே பாருங்கள். புத்தகங்களை ஜனவரிக்குத் தள்ளினால் இன்னொரு லாபமும் உண்டு: நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் பத்து விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். பள்ளியின் பெயருக்கு முறையான பில் கேட்டு வாங்குங்கள்.

கொடுத்தவர்கள் புகைப்படம் கேட்பார்கள். பிள்ளைகள் முகம் தெரியும் படமென்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். பெயரும் வீட்டு நிலைமையும் படத்தோடு போகக் கூடாது. நன்றி சொல்ல பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தும் நிகழ்ச்சிக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாக, பாடம் நடக்கும் வேளையில் வந்து பாருங்கள் என்று அழைக்கிறேன். வந்தவர்களில் சிலர் தாமாகவே அடுத்த தேவையைக் கேட்டிருக்கிறார்கள்.

பயன்பாட்டுச் சான்றைக் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். செலவு முடிந்த இரண்டு வாரத்துக்குள் பில் நகல், பதிவேட்டுப் பக்கத்தின் நகல், இரண்டு படம், ஒரு பத்தி விவரம் சேர்த்து தலைமையாசிரியர் கையெழுத்தோடு அனுப்புங்கள். மீதிப் பணம் இருந்தால், அது நூறு ரூபாயே ஆனாலும், என்ன செய்யலாம் என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, மாறுதல். கலந்தாய்வில் நீங்கள் வேறு பள்ளிக்குப் போக நேரலாம். பொறுப்பை ஒப்படைக்கும்போது பொருள்களோடு கோப்பையும் ஒப்படையுங்கள். கோப்பின் முதல் பக்கத்தில் நன்கொடையாளர் தரப்பில் யாரிடம் பேச வேண்டும், அடுத்த அறிக்கை எந்தத் தேதியில் போக வேண்டும், ஒவ்வொரு பொருளின் உத்தரவாதமும் எப்போது முடிகிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொறுப்பேற்கும் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்.